காவற்காரர் காதில் பஞ்சு

அலுமாரிக்குள் இருந்து அப்பாவின் குரல் வந்தது.

"பிள்ளை, கதவைத் திற. எனக்கு மூச்சு முட்டுது."

"இன்னும் ஒரே ஒரு வரி, அண்ணாவியார்," என்றான் ஜெறோம். அலுமாரிக்கு வெளியே முழந்தாளில் இருந்து, காதில் மாட்டிய கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். உள்ளே அம்மாவின் சேலைகளுக்கு நடுவில் அப்பா ஒரு சின்னக் கதிரையில் குந்தியிருந்தார். அவருடைய முகத்துக்கு நேரே ஒலிவாங்கி தொங்கியது. கலியாணச் சேலைக்குள் அம்மா போட்டு வைத்திருந்த பூச்சி உருண்டை வாசம் மூக்கில் ஏறி, ஒவ்வொரு வரி முடியவும் அப்பா தும்மினார்.

ஓலைத்தொடுவாயில் எங்கள் வீட்டு அறைதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம். வெளியே கடற்காற்று, கோழி, பக்கத்து வீட்டு வானொலி, தெருவில் திரியும் கழுதைகள். சேலை அடுக்கிய அலுமாரிக்குள் மட்டும்தான் கொஞ்சம் அமைதி இருந்தது. ஆகவே மன்னார்த் தீவின் முதலாவது அசையும் சித்திரப் படத்தின் கதாநாயகனை நாங்கள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம்.

முதலாவது என்று சொல்வது நாங்கள்தான். வேறு யாரும் மறுக்கவில்லை, ஏனென்றால் வேறு யாரும் படத்தைப் பார்க்கவில்லை.

பஸ் நிலையத்தில் ஒரு கேள்வி

இந்தத் தொடரில் இந்தப் படத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். தோற்றுப்போன பரீட்சையின் வினாத்தாளை யாராவது சட்டம் போட்டு மாட்டுவார்களா? ஆனால் அண்மையில் வவுனியா பஸ் நிலையத்தில் ஒருவர் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"அக்கா, நீங்கள் அந்தக் கழுதைப் படம் கீறின ஆள்தானே?"

நான் பயந்துபோய் ஓம் என்றேன். டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கப் போகிறாராக்கும் என்று நினைத்தேன்.

"எனக்கு அண்டையிலை இருந்து ஒரு சந்தேகம். அந்தப் படத்திலை வாற காவற்காரர் எல்லாரும் ஏன் காதுக்குள்ளை பஞ்சு வைச்சிருந்தவை?"

பஸ் வந்துவிட்டது. பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தம்பி இந்த வார இதழை வாசிப்பாராக இருந்தால், இதுதான் பதில்: என் கலியாணத்துக்காக.

கழுதைக்கு ஏன் கோட்டு?

படத்தின் பெயர் 'ஒற்றன் சிங்கராயர்'. போர் முடிந்த பிறகு வந்த வருடங்களில் நாங்கள் எடுத்தது. மன்னாரின் யானை போலப் பருத்த பெருக்கமரத்தை வேரோடு களவெடுக்க ஒரு வெளிநாட்டுக் கூட்டம் திட்டம் போடுகிறது. அதைத் தடுக்கப் புறப்படும் இரகசிய ஒற்றன் ஒரு கழுதை. மன்னாரில் கழுதைகளை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆகவே ஒற்றன் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்பது ஜெறோமின் கண்டுபிடிப்பு. இன்றைக்கும் அது நல்ல யோசனை என்றுதான் சொல்வேன்.

ஜெறோம் தீவுக்கு வெளியே, நானாட்டான் ஊர்ப் பொடியன். வயல்காரக் குடும்பம். கொழும்பில் சித்திரங்களை அசைய வைக்கும் படிப்புப் படித்துவிட்டு, ஒரு கணினியையும் நிறையக் கனவையும் சுமந்துகொண்டு ஊருக்கு வந்திருந்தான். மறைக்கல்வி வகுப்புக்காக நான் கோயிற் சுவரில் கீறிய யோனாவின் திமிங்கிலத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தான். "இந்தத் திமிங்கிலம் சிரிக்குது" என்றான். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. எனக்கு அவனை அன்றைக்கே பிடித்துவிட்டது.

நான் கடதாசியில் கீறுவேன், அவன் கணினியில் ஏற்றி அசைப்பான். திரையில் கழுதை ஒரு தரம் கண்ணிமைக்க நான் ஒரு முழுப் பின்னேரம் குனிந்திருக்க வேண்டும். எங்கள் படத்தில் இருக்கும் அழகெல்லாம் சோம்பலில் பிறந்தது என்பதை இப்போது சொன்னால் யார் என்ன செய்ய முடியும்?

நாலு காலையும் நடக்கவைப்பது பெரிய தலையிடி. ஆகவே கழுதையை எழுப்பி இரண்டு காலில் விட்டு, முன்னங்கால்களைக் கறுத்தக் கோட்டுப் பைக்குள் சொருகினோம். பார்த்தவர்கள் அதை ஒற்றனின் மிடுக்கு என்றார்கள். வில்லி ஒரு பூநாரை. ஒவ்வொரு பருவமும் வெளிநாட்டில் இருந்து வந்து, கழுத்தை நீட்டி ஊர்ப் புதினம் பார்த்துவிட்டுப் போகும் பறவைதானே, பொருத்தமாக இருந்தது. உண்மைக் காரணம், அது ஒற்றைக் காலில் நிற்கும். ஒரு கால் கீறுகிற வேலை மிச்சம். படம் முழுக்கக் கடல் வற்றியே கிடக்கும். அலை கீற எங்களுக்கு ஏலாது.

பெயரால் வந்த வில்லங்கம் தனி. எங்கள் ஊரிலும் அயலிலும் சிங்கராயர்மார் பலர். ஒருவர் நேரே வீட்டுக்கு வந்து, "பிள்ளை டெல்சி, நான் உனக்கு என்ன அநியாயம் செய்தனான்? என்னை ஏன் கழுதையாக் கீறுறாய்?" என்று கேட்டார். இன்னொருவர் வந்து, கழுதைக்குத் தன்னைப் போல மீசை வைக்கச் சொன்னார்.

தாம்போதியில் மாட்டிய கதை

கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதி வீதியைக் கடக்காமல் தீவுக்குள் வர முடியாது. அந்த நாட்களில் அங்கே இராணுவச் சோதனைச் சாவடி இருந்தது. ஒருநாள் ஜெறோம் காட்சிகளைக் கீறிய கடதாசிக் கட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்தான். படத்தின் முக்கியமான துரத்தல் தாம்போதியில்தான் நடக்கிறது. ஆகவே கட்டின் முதற் தாளில் தாம்போதியின் அழகான வரைபடம். அதில் சிவப்பு அம்புக்குறிகள். ஓர் அம்புக்குறிக்குப் பக்கத்தில் 'குண்டு இங்கே வெடிக்கும்' என்று என் முத்தான கையெழுத்து.

போரின் சூடு ஆறாத காலத்தில், தாம்போதிச் சாவடியில், இப்படி ஒரு தாளை மேலே வைத்துக்கொண்டு வருகிறவனை என்ன சொல்வது? நான்தான் அந்தத் தாளை மேலே வைத்துக் கட்டினேன் என்பதால் எதுவும் சொல்லவில்லை.

தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் வாசித்தார். முகங்கள் மாறின. ஜெறோம் அவசரமாக இரண்டாவது தாளை எடுத்துக் காட்டினான். கறுத்தக் கோட்டும் கறுத்தக் கண்ணாடியும் போட்ட கழுதை. அதிகாரி உற்றுப் பார்த்தார். "பூருவா!" என்றார். சிங்களத்தில் கழுதை. பிறகு சாவடி முழுக்கச் சிரிப்பு. ஒவ்வொரு தாளாய்க் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். கடைசியில், குண்டு வெடித்த பின் கழுதை தப்புமா என்று ஒருவர் கவலையோடு விசாரித்தாராம்.

எங்கள் படத்தைக் கடைசி வரை விருப்பத்தோடு பார்த்த ஒரே கூட்டம் அதுதான். அதுவும் கடதாசியில்.

'படம் ஓடட்டும்'

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா மீன்பிடிகாரர். அதைவிட, ஊரில் அவர் அண்ணாவியார். பெருநாளுக்குக் கூத்துப் பழக்குவது, பாட்டு ஏடு பார்ப்பது, வேஷங்களுக்கு ஆட்களைத் தெரிவது, பாடிக் காட்டுவது எல்லாம் அவர்தான். எங்கள் பக்கத்தில் கூத்தென்றால் இன்றைக்கும் சனம் பாயோடு வந்து இடம் பிடிக்கும். அப்பா ராசா வேஷம் கட்டி நின்று குரல் எடுத்தால் கடலில் நிற்கும் வள்ளத்துக்கும் கேட்கும் என்பார்கள்.

ஜெறோம் என்னைப் பெண் கேட்டு அப்பாவிடம் வந்தபோது, அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு நிமிராமலே விசாரித்தார்.

"தம்பிக்கு என்ன தொழில்?"

"படம் செய்யிறம், அண்ணாவியார். கழுதைப் படம்."

"அது தொழிலோ?"

"ஓடினால் தொழில்தான்."

"அப்ப ஓடட்டும். பிறகு கதைப்பம்."

அவ்வளவுதான். என் கலியாணத்தை அப்பா ஒரு கழுதையின் முதுகில் ஏற்றிவிட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில், கீறி வைத்திருந்த பூநாரையின் கழுத்தை இன்னும் ஒரு முழம் நீட்டிவிட்டேன். படத்தில் அது அப்படியே இருக்கிறது.

கழுதைக்குக் குரல் தேடியபோது எங்கள் இருவருக்கும் அப்பாவை விட்டால் வேறு ஆள் தோன்றவில்லை. அப்பாவும் சம்மதித்தார். ஜெறோமுக்குத் தலைகால் புரியவில்லை. மாமனாரை மடக்கப் படத்தைவிட நல்ல வழி கிடைத்துவிட்டதாக நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வரவு இல்லாமல் எப்படி வருவான்?

முதல் நாளே அப்பா அலுமாரிக்குள் ஏற மறுத்துவிட்டார்.

"வரவு எங்கை?"

கூத்துத் தெரியாதவர்களுக்காக: எங்கள் கூத்தில் ஒரு பாத்திரம் மேடைக்குச் சும்மா வந்துவிட முடியாது. தான் யார், எந்த ஊர், எதற்காக வருகிறேன் என்று பாடிக்கொண்டுதான் வரவேண்டும். அதுதான் வரவு. ராசா வந்தாலும் வரவு, மந்திரி வந்தாலும் வரவு.

"அண்ணாவியார், இவன் ஒற்றன்," என்றான் ஜெறோம் மெதுவாக. "ஆருக்கும் தெரியாமல் வாற ஆள்."

"ஆருக்குத் தெரியாமல்? எதிரிக்குத் தெரியாமல் வரட்டும். சபைக்குத் தெரிய வேணுமோ இல்லையோ? வரவு இல்லாமல் வாறவன் என்ன பாத்திரம்? கள்ளனோ?"

ஜெறோம் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்பா அன்றைக்கே பாட்டுக் கட்டிவிட்டார்:

சிங்கராயர் வருகிறேனே – மன்னார்த்
தீவின் ஒற்றன் வருகிறேனே
எங்கள் பெருக்கமரம் திருடும்
எத்தர் தம்மைப் பிடிக்கவென்றே

பாட்டில் ஒரு குறையும் இல்லை. அப்பா அதை அலுமாரிக்குள் இருந்து பாடியபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. அம்மா குசினியில் இருந்து அகப்பையோடு வந்து நின்று கேட்டாள். ஆனால் வரவு ஒரு தரத்தோடு முடியவில்லை. கழுதை புதிதாக ஓர் இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் அது புதுக் காட்சி, ஆகவே புது வரவு. துறைமுகத்தில் பாடினான். வெளிச்சவீட்டு உச்சியில் பாடினான். வில்லியின் மறைவிடத்துக் கதவுக்கு முன்னால், காவற்காரர் வரிசையாக நிற்க, பெயரையும் ஊரையும் வந்த காரியத்தையும் ஒளிக்காமல் விலாவாரியாகப் பாடினான்.

"இப்ப அந்தக் காவற்காரருக்கு இவன் பாடுறது கேக்காதோ?" என்று நான் ஜெறோமிடம் கேட்டேன்.

"கேக்கும்தான்."

"அப்ப வெட்டு."

"உன்ரை அப்பாட்டை நீ சொல்லு."

"படத்தின்ரை இயக்குநர் ஆர்? நீதானே?"

அவன் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் வந்து, "டெல்சி, காவற்காரர் எல்லாருக்கும் காதுக்குள்ளை பஞ்சு கீறிவிடுவியோ?" என்றான்.

கீறினேன். காவற்காரர் தோன்றுகிற ஒவ்வொரு தாளையும் திரும்ப எடுத்து, ஒவ்வொரு காதிலும் பஞ்சு கீறினேன். திட்டிக்கொண்டே கீறினேன். வவுனியாத் தம்பிக்கு இப்போது விளங்கியிருக்கும்.

மண்டபத்தில்

மன்னார் நகரில் ஒரு மண்டபம் எடுத்தோம். முதற் காட்சிக்கு எங்கள் ஊரில் இருந்து ஒரு பஸ், நானாட்டானில் இருந்து ஒரு டிராக்டர் பெட்டி நிறையச் சனம். வறுத்த கச்சான்கடலை வாசமும் புழுக்கமும். அப்பா வெள்ளைச் சேட்டுப் போட்டு முன்வரிசையில் இருந்தார்.

முதல் வரவுக்கு மண்டபம் அதிரக் கைதட்டு. அப்பா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். இரண்டாவது வரவுக்கும் கைதட்டினார்கள். மூன்றாவதுக்குப் பிள்ளைகள் கதிரைகளுக்குக் கீழே விளையாடத் தொடங்கினார்கள். அதன்பின் கழுதை வாயைத் திறக்கும்போதெல்லாம் ஆட்கள் தேத்தண்ணி குடிக்க எழும்பினார்கள். அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. தாளம் மட்டும் நிற்கவில்லை.

வில்லியின் கதவுக்கு முன்னால் கழுதை நெஞ்சை நிமிர்த்திப் பாடத் தொடங்க, பின்வரிசையில் மடியில் பிள்ளையை வைத்திருந்த ஒரு பெண் பொறுமை இழந்தாள்.

"ஐயோ! உம்மடை பேர் எங்களுக்குத் தெரியும், கெதியா உள்ளை போய்ப் பிடியுமன்!"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. படம் தொடங்கியதில் இருந்து அதுதான் பெரிய சிரிப்பு. அப்பாவின் கை தொடையில் அப்படியே நின்றது.

அடுத்த நாள் காட்சிக்கு நாங்களும் மீசை கேட்ட சிங்கராயரும் மட்டும். மூன்றாம் நாள் மண்டபக்காரர் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குக் கதிரை அடுக்கத் தொடங்கிவிட்டார். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் படத்தைக் கொண்டுபோவதாக இருந்தோம். மன்னாரை விட்டு அது வெளியே போகவில்லை.

அந்த மூன்றாம் நாள் மண்டபப் படியில் அப்பா குந்தியிருந்தார். ஜெறோம் அவர் முன்னால் போய் நின்றான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன்.

"அண்ணாவியார், ஒண்டு சொல்ல வேணும். படம் விழுந்தது வரவாலைதான்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"பாட்டிலை பிழை இல்லை. பாட்டை அங்கை விட்டதிலைதான் பிழை. வெட்டியிருக்க வேணும். நான் வெட்டேல்லை."

"ஏன் வெட்டேல்லை?"

"வெட்டினால் நீங்கள் டெல்சியைத் தரமாட்டியள் எண்டு பயந்தனான்."

இந்த மனிதன் இத்தனை காலமும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, எல்லாம் கவிழ்ந்த பிறகா திறப்பான்? அப்பா எழும்பினார். சேட்டைத் தட்டினார். ஒன்றும் சொல்லாமல் பஸ்ஸில் ஏறிவிட்டார். அப்பா ஏசினால் பயமில்லை. பேசாமல் போனால்தான் பயம். என் கலியாணம் அந்தப் பஸ்ஸோடு போய்விட்டது என்று நினைத்து, மண்டப வாசலிலேயே வாய்விட்டு அழுதேன்.

வெட்டிய படம்

ஒரு கிழமை அப்பா கடலுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். படத்தைப் பற்றியும் ஜெறோமைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

ஞாயிறு பின்னேரம் ஜெறோம் கணினியைச் சாக்கால் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். கேட்காமலே உள்ளே கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"வரவு எல்லாத்தையும் வெட்டிப்போட்டன், அண்ணாவியார். கோவிச்சாலும் பரவாயில்லை. டெல்சி மூண்டு வருசமாக் கீறினது. ஒருக்காலாவது அது ஒழுங்கா ஓட வேணும்."

அவன் அப்பாவிடம் இப்படிப் பேசியது அதுதான் முதல் தரம். அப்பா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அம்மா யன்னலைச் சாத்தினாள்.

கழுதை துறைமுகத்துக்குள் நுழைந்தது. பாட்டில்லை. மணலில் அதன் காலடிச் சத்தம் மட்டும், பதிவின்போது அம்மா சிரட்டையால் தட்டித் தந்தது. அப்பா கண்ணை மூடிக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்தார். பூநாரை கழுதையை மிதித்தபோது சிரித்தார். தாம்போதித் துரத்தலில் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். படம் விறுவிறென்று ஓடியது. இவ்வளவு நல்ல படமா எடுத்தோம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பார்க்க நாலு பேர்தான் இருந்தோம் என்பது மனதைச் சுட்டது.

கடைசிக் காட்சி. பெருக்கமரத்தைக் காப்பாற்றிவிட்டுக் கழுதை வற்றிய கடற்கரை வழியே தனியே நடந்து போகும். முதுகுப் பக்கம் மட்டும் தெரியும். இடது தோளைச் சற்றுச் சரித்து, வலது குதிக்காலை மணலில் ஊன்றி, நாலு அடிக்கு ஒரு தரம் கடலைத் திரும்பிப் பார்த்துப் போகும்.

"நிப்பாட்டும்," என்றார் அப்பா.

ஜெறோம் நிற்பாட்டினான்.

"உதைத் திருப்பிப் போடும்."

போட்டான். அப்பா திரைக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இது என்ரை நடையல்லோ?"

அப்பாவைக் கழுதையாகக் கீறிய மகள் என்ன சொல்ல முடியும்? "ஓம் அப்பா," என்றேன்.

"எப்ப பாத்தனீ?"

"நீங்கள் வலை கொண்டு போகேக்கை. ஒவ்வொரு விடியக்காலமும் படலையடியிலை நிண்டு பாக்கிறனான். அதைப் பாத்துத்தான் கீறினனான்."

நின்றுபோன படத்தில் அந்தச் சரிந்த தோளையே அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். கூத்துச் சபையில் ஆயிரம் பேருக்கு முன்னால் நின்ற மனிதன், தன்னை ஒருத்தி இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தார் போல. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

பிறகு ஜெறோமின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வாற ஞாயிறு பூசை முடிய அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாரும்."

ஜெறோம் சந்தோஷமாகத் தலையாட்டினான். "கட்டாயம், அண்ணாவியார். அவையும் இந்த வெட்டின படத்தைப் பாக்கேல்லை."

அப்பா என்னைப் பார்த்தார். இவனா உனக்கு வேண்டும் என்பது போலப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

"படம் பாக்க இல்லையடா," என்றார் அப்பா. "கலியாணம் பேச."